புது பிக்கப்பின் பழைய ஆயில் என்ன சொல்கிறது: சாம்பிள் எடுப்பது முதல் தேய்மானத்தை அடையாளம் காண்பது வரை

"அண்ணே, இரும்பு இவ்வளவு காட்டுதே, என்ஜின் போச்சா?" புது பிக்கப் எடுத்தவர்கள் முதல் ஆயில் ரிப்போர்ட்டை, அதாவது ஓடிய ஆயிலை லேபில் சோதித்து அதில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று தரும் தாளை, கையில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி இதுதான். பெரும்பாலும் என்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. புது என்ஜினின் முதல் ஆயிலில் உலோகம் கூடுதலாகத்தான் இருக்கும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனரும் ஒன்றுக்கொன்று படிந்து வரும்போது உதிர்வது அது. தயாரிக்கும்போது உள்ளே தங்கிப்போன நுண்துகளும், ஜாயிண்டுகளில் பூசிய சீலண்டும் அதோடு சேர்ந்து வரும். ஆகவே முதல் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துத் தேய்மானம் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. ஒழுங்காக எடுத்த மூன்று சாம்பிள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் சொல்லலாம்.

குமரி மாவட்டத்தில் டீசல் பிக்கப் ஓட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேங்காய்ப்பட்டணம், குளச்சல், சின்னமுட்டம் துறைமுகங்களில் மீன் ஏற்றுபவர்கள், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் ஏற்றுபவர்கள், தோவாளையிலிருந்து பூ கொண்டுபோகிறவர்கள், கட்டுமானச் சாமான் அடிப்பவர்கள் எல்லோருக்கும் படிகள் ஒன்றுதான். ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம்தான் ஓட்டத்தைப் பொறுத்து மாறும்.

1. வண்டி எடுத்த வாரத்திலேயே ஒரு நோட்டு போடுங்கள்

ரிப்போர்ட்டில் வரும் எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது நீங்கள் எழுதி வைக்கிற விவரம். ஆயில் எந்த கிலோமீட்டரில் ஊற்றப்பட்டது, எந்த பிராண்டு, எந்த கிரேடு, இடையில் எத்தனை லிட்டர் டாப்-அப் செய்தது, ஏர் ஃபில்டர் எப்போது கழற்றியது, மழைநீர் தேங்கிய சாலையில் வண்டி இறங்கியதா. இவ்வளவு போதும். மீட்டரில் என்ஜின் ஓடிய மணிக்கணக்கு காட்டும் வண்டியாக இருந்தால் அதையும் எழுதுங்கள். ஏலத்துக்காக ஏசி போட்டுக்கொண்டு துறைமுகத்தில் நிற்கும் நேரத்தில் கிலோமீட்டர் ஏறாது. ஆனால் ஆயில் உழைத்துக்கொண்டேதான் இருக்கும்.

டாப்-அப்தான் பலர் எழுதாமல் விடுவது. 6 லிட்டர் பிடிக்கும் என்ஜினில் 1 லிட்டர் புது ஆயில் சேர்த்திருந்தால், அந்த அளவுக்கு உலோகத்தின் எண் குறைந்து தெரியும். தேய்மானம் குறைந்துவிட்டது என்று தவறாக நினைத்துக்கொள்வீர்கள். டிரைவர் வைத்து ஓட்டுபவர்கள், கையில் கிடைத்த ஆயிலை ஊற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, அதே ஆயிலில் ஒரு லிட்டர் கேனை வண்டியில் கொடுத்துவிடுவது நல்லது.

2. லேபை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

ஒரே லேபுக்குத்தான் எல்லா சாம்பிளும் போக வேண்டும். முறையும் கருவியும் லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். ஒரு ரிப்போர்ட் சென்னையிலும் இன்னொன்று வேறு ஊரிலும் எடுத்தால், எண்ணில் தெரியும் வித்தியாசம் என்ஜினுடையதா லேபுடையதா என்று தெரியாமல் போகும். என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற லேப்களின் பட்டியல் அந்த அமைப்பின் இணையதளத்தில் இருக்கிறது. லூப்ரிகண்ட் சோதனை செய்யும் லேப்களை அதில் தேடிப் பிடிக்கலாம்.

பணம் கட்டும் முன் இதையெல்லாம் கேளுங்கள். ஐசிபி முறையில் (ஆயிலைக் கடும் சூட்டில் எரித்து, அதிலுள்ள தனிமங்களை அளப்பது) உலோகங்கள் பார்ப்பார்களா? 100 டிகிரியில் பாகுநிலை (ஆயிலின் கெட்டித்தன்மை) உண்டா? தண்ணீர், டீசல் கலப்பு, புகைக்கரி, டிபிஎன் (அமிலத்தை முறிக்க ஆயிலில் இருக்கும் திறன்) ஆகியவை உண்டா? டீசல் கலப்பை கேஸ் குரோமட்டோகிராஃபியில் (கலவையைப் பிரித்து அளக்கும் முறை) நேரடியாக அளக்கிறார்களா, இல்லை பாகுநிலை குறைந்ததை வைத்து மதிப்பிட்டுச் சொல்கிறார்களா? விலை குறைந்த பேக்கேஜ்களில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயம். பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிக்கு அது கட்டாயம் வேண்டும். ஏன் என்பதை 10-ஆம் படியில் சொல்கிறேன்.

"நார்மல்", "அப்நார்மல்" என்று மட்டும் எழுதித் தரும் ரிப்போர்ட் வேண்டாம். எண்கள் வேண்டும்.

3. தேவையான சாமான்கள்

லேபே தரும் 100 முதல் 120 மில்லி பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி. குடிதண்ணீர் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டாம். சூடான ஆயில் பட்டால் அந்த பிளாஸ்டிக் இளகிச் சுருங்கிவிடும். உள்ளே ஒட்டியிருக்கும் ஒரு சொட்டு நீரும் ரிப்போர்ட்டில் தண்ணீராக வந்து நிற்கும். கழுவிக் காயவைத்த தேங்காய் எண்ணெய் பாட்டிலும் ஆகாது.

ஆயில் சூட்டைத் தாங்கும் கையுறை, நூல் உதிராத துணி, டிரெயின் நட்டுக்குப் புது வாஷர், இரண்டு ஜிப் கவர். இவற்றோடு முக்கியமான ஒன்று: நீங்கள் ஊற்றப்போகும் புது ஆயிலில் 100 மில்லி. சர்வீஸ் சென்டரில் பேரலிலிருந்து ஊற்றுகிறார்கள் என்றால் அதே பேரலிலிருந்து பிடித்து வாங்குங்கள்.

புது ஆயிலை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆயில் தயாரிக்கும்போதே கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம், பாஸ்பரஸ், போரான், மாலிப்டினம் போன்றவை சேர்க்கப்படுகின்றன. சில ஆயில்களில் டைட்டானியமும் உண்டு. நுரை வராமலிருக்கச் சேர்ப்பதில் கொஞ்சம் சிலிக்கானும் இருக்கும். புது ஆயிலின் எண் கையில் இருந்தால்தான் எது ஆயிலோடு வந்தது, எது என்ஜினிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியும். கம்பெனியிலிருந்து நிரப்பி வரும் முதல் ஆயிலுக்கு இந்த ஒப்பீடு கிடைக்காது. முதல் ரிப்போர்ட்டை அளவோடு நம்ப வேண்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கூலண்டிலும் ஒரு சின்னப் பாட்டில் எடுத்து வையுங்கள். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ரிசர்வ் டேங்கிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும்.

4. எந்த நேரத்தில் சாம்பிள் எடுப்பது

ஓனர் மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டரில், ஆயில் மாற்றும்போதே எடுங்கள். முதல் மாற்றம், இரண்டாவது, மூன்றாவது என்று மூன்றிலும் எடுக்க வேண்டும். முதலாவதை வீண் என்று விட்டுவிடாதீர்கள். அதன் எண் பெரிதாக இருந்தால்தான் பின்னால் வரும் இறக்கம் தெரியும்.

"ரன்னிங்-இன் ஆயிலை 1,000 கிலோமீட்டரிலேயே கொட்டிவிடு" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இங்கே நிறைய பேர். மேனுவல் கேட்காதபோது அது அவசியமில்லை என்பது என் கருத்து. செய்வதானால் அந்த ஆயிலிலும் சாம்பிள் எடுங்கள், இல்லையென்றால் வரிசையின் முதல் கண்ணி அறுந்துபோகும். மூன்று சாம்பிள் முடியும்வரை பிராண்டையும் கிரேடையும் மாற்ற வேண்டாம். ஃப்ளஷ் திரவம், கூடுதல் அடிட்டிவ் எதையும் ஊற்ற வேண்டாம்.

வண்டி 20 நிமிடமாவது சாலையில் ஓடிவந்த சூட்டில் எடுக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டியில் கனமான துகளும் தண்ணீரும் அடியில் இறங்கிவிடும். அந்த நிலையில் எடுத்த சாம்பிள், பிடித்த இடத்தைப் பொறுத்து ஒன்று மோசமாகக் காட்டும் அல்லது நல்லதாகக் காட்டும், இரண்டும் உண்மையில்லை. சும்மா ஸ்டார்ட் செய்து நிறுத்திச் சூடாக்குவதும் போதாது.

5. சாம்பிள் பிடிக்கும் முறை

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் டிரெயின் நட்டைச் சுற்றியிருக்கும் மண்ணைத் துணியால் துடைத்து எடுத்துவிடுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் செம்மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தால் போதும், சிலிக்கான் ஏறிப்போன ரிப்போர்ட் வந்து, ஓட்டையே இல்லாத ஏர் ஹோஸைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

நட்டை லூஸ் செய்த பிறகு, கையால் உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருகுங்கள். கடைசி மரை கழன்றதும் சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிடுங்கள். ஆயில் கையில் கொட்டாது. முதல் பீய்ச்சலைத் தட்டில் விழ விடுங்கள். அடிவண்டல் அதில்தான் வரும். கால்வாசி ஆயில் இறங்கியதும் ஓட்டத்தின் நடுவில் பாட்டிலைக் காட்டி முக்கால் பாகம் பிடியுங்கள். பாட்டிலின் வாய் சம்ப்பில் (என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) படக்கூடாது. மூடியைத் தரையில் வைக்காமல் ஜிப் கவருக்குள் போட்டு வையுங்கள். பிடித்த உடனே மூடுங்கள். கடைசியாகச் சொட்டும் ஆயிலைப் பிடிக்காதீர்கள். தட்டில் விழுந்ததை அள்ளி ஊற்றவே கூடாது, ஏனென்றால் அந்தத் தட்டில் அதற்கு முன் எத்தனை வண்டிகளின் ஆயில் கிடந்ததோ தெரியாது.

சர்வீஸ் சென்டரில் டிப்ஸ்டிக் குழாய் வழியாக பம்ப் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்றால் அதுவும் நல்ல முறைதான். ஆனால் உள்ளே விடும் ட்யூப் புதிதாக வெட்டியதாக இருக்க வேண்டும். டிப்ஸ்டிக்கோடு சேர்த்துப் பிடித்து அளந்து, ட்யூபின் முனை ஆயிலின் நடுமட்டத்தில் நிற்கும்படி விடச் சொல்லுங்கள். அடியைத் தொட்டால் வண்டலை உறிஞ்சும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. திறந்த வெளியில் சாரலில் நின்று பாட்டிலைத் திறக்காதீர்கள்.

6. லேபலும் பார்சலும்

லேபலை முன்கூட்டியே எழுதி ஒட்டி, மேலே செலோடேப் போட்டுவிடுங்கள். ஆயில் பட்ட கையால் பிறகு எழுதினால் மை கரைந்து போகும். வண்டி மாடல், ஆயில் பெயர், கிரேடு, என்ஜின் மொத்தம் ஓடிய கிலோமீட்டர், இந்த ஆயில் ஓடிய கிலோமீட்டர், டாப்-அப் அளவு, தேதி. "என்ஜின் ஓடியது", "ஆயில் ஓடியது" இரண்டையும் மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி எழுதினால் லேப் தரும் குறிப்பு முழுக்கத் தவறாகிவிடும்.

மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு கவருக்குள் போட்டு, சின்ன அட்டைப்பெட்டியில் வையுங்கள். விமானத்தில் போகும் கூரியர் ஆயிலை மறுக்கக்கூடும்; தரைவழியாகப் போகும் பார்சலில் போடுங்கள். கேபினில் வெயிலில் கிடக்க விடாமல் ஓரிரு நாளில் அனுப்பிவிடுங்கள்.

7. ரிப்போர்ட் வந்ததும் உலோகத்தைப் பார்க்காதீர்கள்

முதலில் பார்க்க வேண்டியது, இது உங்கள் ஆயில்தானா என்பது. புது ஆயிலின் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் எண்களோடு பழைய ஆயிலை ஒப்பிடுங்கள். கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பில்லில் போட்டிருக்கும் ஆயில் வேறு, ஊற்றியது வேறு. அல்லது சாம்பிள் மாறிவிட்டது. அந்த நிலையில் மற்ற எண்களைப் படிப்பதில் பயனில்லை.

அடுத்தது 100 டிகிரி செல்சியஸில் பாகுநிலை. 30 கிரேடு ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள்ளும், 40 கிரேடு 12.5 முதல் 16.3-க்குள்ளும் இருக்க வேண்டும். டீசல் கலந்தால் இது இறங்கும். கரியும் ஆக்சிஜனேற்றமும் கூடினால் ஏறும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒன்றை ஒன்று மறைத்து எண் சரியாக இருப்பதுபோல் தெரியும். அதனால் பாகுநிலையைத் தனியாக நம்பாமல், டீசல் கலப்பையும் கரியையும் பக்கத்தில் வைத்தே படியுங்கள்.

டிபிஎன் பற்றி ஒரு வார்த்தை. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் சைலன்சர் பக்கத்து ஃபில்டர்) உள்ள வண்டிகளுக்கு ஊற்றும் சாம்பல் குறைந்த ஆயிலில் இந்த எண் தொடக்கத்திலேயே குறைவாக இருக்கும். பழைய லாரி ஆயில் பழக்கத்தில் ஆயில் செத்துப்போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். புது ஆயிலின் எண்ணில் பாதிக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள்.

8. உலோகத்தை 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று மாற்றுங்கள்

ஒரு உதாரணக் கணக்கு. முதல் ஆயில் 5,000 கிலோமீட்டர் ஓடி, இரும்பு 85 பிபிஎம் (பத்து லட்சத்தில் 85 பங்கு). இரண்டாவது 10,000 ஓடி, 90. மூன்றாவது 10,000 ஓடி, 50. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவதில் இரும்பு ஏறியிருக்கிறது. 1,000 கிலோமீட்டருக்கு என்று வகுத்தால் 17, 9, 5 என்று வருகிறது. நன்றாகப் படிந்து வரும் என்ஜின் இப்படித்தான் இறங்கும். வாங்கி ஆறு மாதத்தில் என்ஜின் தேய்கிறது என்று பயந்துபோகிறவர்களில் பலர் இந்த வகுத்தலைச் செய்யாதவர்கள்.

இரண்டாவது சாம்பிளில் ஏன் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது? டிரெயின் நட்டைக் கழற்றினால் எல்லா ஆயிலும் இறங்கிவிடாது. கூலர், டர்போ குழாய், உள்வழிகளில் பழைய ஆயில் தங்கி, அடுத்த ஆயிலோடு கலக்கும். அதனால்தான் மூன்றாவதை நம்பச் சொல்கிறேன்.

ஒவ்வொரு உலோகமும் எங்கிருந்து வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இரும்பு: லைனர், கிராங்க், கேம், கியர். அலுமினியம்: பிஸ்டன், சில பேரிங், கூலர், வெளிமண். குரோமியம்: பெரும்பாலும் ரிங். ஈயமும் தகரமும் பேரிங்கிலிருந்து. செம்பு: புஷ், பேரிங், ஆயில் கூலர். தனியாக ஒரு எண் ஏறுவதைவிட, எவை சேர்ந்து ஏறுகின்றன என்பதுதான் பேசும். இரும்பும் குரோமியமும் அலுமினியமும் ஒன்றாக ஏறினால் சிலிண்டர் பக்கம் பாருங்கள். செம்போடு தகரமோ ஈயமோ ஏறினால் பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

செம்பு மட்டும் தனியாக ஏறி மற்றவை அமைதியாக இருந்தால், செம்புக் கூலர் உள்ள என்ஜின்களில் அது கூலரின் உட்புறம் ஆயிலோடு வினைபுரிந்து கரைவது. புதிதில் வரும், பிறகு அடங்கும். அதேபோல் அலுமினியத்தோடு பொட்டாசியம் வந்தால், அலுமினியக் கூலரைப் பற்றவைக்கும்போது பயன்படுத்திய ஃப்ளக்ஸின் மிச்சமாக இருக்கலாம். இதுவும் புது வண்டிக்கே உரியது. இன்னொரு விஷயம்: இப்போது ஈயமே சேர்க்காத பேரிங்குகள் நிறைய வருகின்றன. ஈயம் பூஜ்யம் என்று காட்டுவதாலேயே பேரிங் நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

9. சிலிக்கான்: சீலண்டா, புழுதியா?

எல்லாப் படிகளிலும் நான் அதிக நேரம் செலவிடுவது இதில். புது என்ஜினைச் சீக்கிரம் தேய்ப்பதில் புழுதிதான் முதலிடம். அதுவும் ஓனரே கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடியது.

புது என்ஜினில் சிலிக்கான் கூடுதலாக வருவதற்கு முக்கியக் காரணம் சம்ப், கவர் ஜாயிண்டுகளில் பூசிய சிலிக்கான் சீலண்ட். அது யாரையும் தேய்க்காது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் இறங்கிக்கொண்டே வரும். புழுதியாக இருந்தால் இறங்காது. அலுமினியத்தையும் கூட்டிக்கொண்டு வரும், பின்னாலேயே இரும்பும் குரோமியமும் ஏறும். நம் கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணில் அலுமினியம் தாராளமாக உண்டு. கடற்கரையோரம் ஓட்டுபவர்கள் டைட்டானியத்தையும் ஒரு பார்வை பாருங்கள். மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், ரூட்டைல் இருக்கின்றன. இரண்டும் டைட்டானியக் கனிமங்கள். புது ஆயிலில் இல்லாத டைட்டானியம் பழைய ஆயிலில் சிலிக்கானோடு சேர்ந்து வந்தால், மணல் உள்ளே போகிறது என்று நான் சந்தேகப்படுவேன்.

சந்தேகம் வந்தால் என்ஜினைத் தொட வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள். ஃபில்டரை எடுத்துவிட்டு, சுத்தக் காற்று போகும் பக்கத்து வாயை வெள்ளைத் துணியால் விரல்விட்டுத் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வர வேண்டும். மெல்லிய செம்பழுப்புத் தூள் ஒட்டினால் ஃபில்டரைத் தாண்டிக் காற்று போகிறது. ரப்பர் விளிம்பு உட்காரும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் தூள் விசிறிபோல் பரந்த ஒரு கோடாகப் படிந்திருக்கும். அந்தக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கிளிப் சரியாகப் பூட்டவில்லை, அல்லது ரப்பர் மடங்கியிருக்கிறது. அதன்பிறகு டர்போ வரை போகும் ஹோஸின் கிளிப்புகள் ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் உராய்ந்து ஓட்டை விழும்.

இங்கே பரவலாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. பஞ்சர் கடையில் நிறுத்தி, கம்ப்ரசர் காற்றை ஃபில்டரின் முகத்தில் வைத்து அடிப்பது. அந்த அழுத்தத்தில் பேப்பரில் ஊசித்துளை விழும், மடிப்புப் பசை விடும். வெளியே பளிச்சென்று தெரியும் ஃபில்டர் அன்றிலிருந்து சல்லடைதான். நான்கு வழிச்சாலை வேலை நடக்கும் இடங்களிலும், குவாரிச் சாலைகளிலும், ஆரல்வாய்மொழிக் காற்றிலும் தினமும் ஓடுகிற வண்டி என்றால் ஃபில்டரைச் சீக்கிரமே புதிதாக மாற்றுங்கள்; ஊதி ஊதிப் பயன்படுத்த வேண்டாம். அடிக்கடி திறந்து பார்ப்பதும் கெடுதல், ஏனென்றால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் தூசு சுத்தப் பக்கம் விழும்.

10. டீசல் கலப்பு

ஏப்ரல் 2020 முதல் வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் டிபிஎஃப் இருக்கிறது. அதில் சேர்ந்த கரியை எரிக்க, என்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசல் தெளிக்கும். சிலிண்டரில் தாமதமாகத் தெளிக்கும் அந்த டீசலில் ஒரு பகுதி லைனர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியில் ஆயில் சூட்டுக்கு அதில் கொஞ்சம் ஆவியாகிப் போகும். வடசேரி, கோட்டார் என்று கடை கடையாக இறக்கிக்கொண்டு அணைத்து அணைத்து ஓட்டும் வண்டியில் எரிப்பு பாதியில் நிற்கும், திரும்பத் தொடங்கும். டீசல் சேர்ந்துகொண்டே போகும்.

வீட்டிலேயே தெரியும் அடையாளம் டிப்ஸ்டிக். வாரம் ஒருநாள், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஆயில் குறையாமல் ஏறினால் சந்தோஷப்பட வேண்டாம். மேல் கோட்டைத் தாண்டினால் ஓட்டாமல் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் 4, 5 சதவீதத்தை நெருங்கினால் ஆயில் படலம் மெலிந்து பேரிங் பாதிக்கப்படும். மருந்து எளிது: எரிப்பு நடக்கும்போது வண்டியை அணைக்காமல், நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு பக்கம் ஒரே சீராக ஓட்டி அது முடியும்வரை விடுவது. அப்படி ஓட்டியும் அடுத்த ரிப்போர்ட்டில் குறையவில்லை என்றால் இன்ஜெக்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

11. கடற்கரையில் சோடியம்

சோடியம் ஏறினால் கூலண்ட் கசிகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஹெட் கேஸ்கட், கூலர் என்று பேச்சு பெரிய செலவுக்குப் போய்விடும். மீன் வண்டிகளில் இன்னொரு வழியும் உண்டு. ஐஸ் உருகிய உப்புத்தண்ணீரும் கடற்காற்றும் காற்று வழியாகவோ சாம்பிள் பிடித்த கை வழியாகவோ ஆயிலுக்கு வரலாம். அதற்காகத்தான் கூலண்ட் பாட்டிலை எடுத்து வைக்கச் சொன்னேன். அதையும் லேபில் கொடுத்து என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று பார்த்தால், அதே கூட்டம் ஆயிலிலும் தெரிகிறதா என்று ஒப்பிடலாம். கிளைக்கால் (கூலண்டில் இருக்கும் முக்கியப் பொருள்) தெரிந்தாலும், தண்ணீர் 0.2 சதவீதத்தைத் தாண்டினாலும், ரிசர்வ் டேங்க் மட்டம் குறைந்துகொண்டே வந்தாலும் கூலண்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்போது காத்திருக்கக் கூடாது. அடுத்த சாம்பிள்வரை ஓட்டிப் பார்ப்போம் என்பது இந்த ஒன்றுக்குப் பொருந்தாது.

12. லேபுக்குத் தெரியாததை ஃபில்டரில் பாருங்கள்

ஐசிபி முறை 5, 8 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைச் சரியாகப் பிடிக்காது. ஒரு பேரிங் திடீரென்று செதில் செதிலாக உதிர்ந்தால் ரிப்போர்ட் அழகாகவே இருக்கக்கூடும். ஆயில் மாற்றும்போது பழைய ஆயில் ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே போடும் பேப்பர் ஃபில்டர் என்றால் கத்தியால் வெட்டலாம். தகர டப்பா வகை என்றால் ஃபில்டர் கட்டர் வேண்டும். ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் அறுவைத் தூளையே என்ஜின் துகள் என்று எண்ணிவிடுவீர்கள்.

மடிப்பை விரித்து, ஆயில் வடிந்த பிறகு வெயிலில் சாய்த்துப் பாருங்கள். முதல் ஃபில்டரில் சில மினுங்கல்களும் சீலண்ட் துணுக்குகளும் இருப்பது சாதாரணம். மூன்றாவது ஃபில்டரில் நகக்கண்ணில் சிக்கும் அளவுக்குச் செதில் இருந்தால் அது சாதாரணமல்ல. காந்தம் வையுங்கள்: ஒட்டினால் எஃகு, ஒட்டாத வெள்ளி நிறம் அலுமினியம் அல்லது பேரிங், பொன்னிறம் புஷ். டிரெயின் நட்டில் காந்தம் இருக்கும் வண்டியில் சாம்பல் நிறப் பசைபோல் ஒட்டியிருப்பது ஒன்றுமில்லை. ஊசிபோல் நிற்பதுதான் விஷயம்.

13. சர்வீஸ் சென்டரிடம் எப்படிப் பேசுவது

ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி "என்ஜின் தேய்கிறது, மாற்றித் தாருங்கள்" என்றால் யாரும் ஏற்கமாட்டார்கள். நியாயமும் அதுதான். மூன்று ரிப்போர்ட், புது ஆயில் ரிப்போர்ட், சர்வீஸ் பில்கள், டாப்-அப் கணக்கு, ஏர் ஃபில்டர் பெட்டியின் படங்கள், வெட்டிய ஃபில்டரின் படங்கள் ஆகியவற்றை ஒரே ஃபைலில் வையுங்கள். 1,000 கிலோமீட்டர் கணக்கில் இரும்பு இறங்காமல் நிற்கிறது, சிலிக்கான் இறங்கிவிட்டது, ஏர் வழி சுத்தம், டீசல் கலப்பு இல்லை என்று வரிசையாகக் காட்டினால், நீங்கள் ஓட்டிய விதத்தின் மேல் பழி போட இடமிருக்காது. ஏர் வழியை முதலில் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான். புழுதியால் வந்த தேய்மானத்துக்கு வாரண்டி கிடைப்பது கடினம்.

வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். ஜாப் கார்டில் புகாரை எழுத வைத்து நகல் வாங்குங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட், ஆயில் பிரஷர், இன்ஜெக்டர் கசிவு சோதனை ஆகியவற்றை எழுத்திலேயே கேளுங்கள். அவர்களே சாம்பிள் எடுத்து அவர்கள் லேபுக்கு அனுப்புகிறோம் என்றால் சம்மதியுங்கள், ஆனால் அதே ஓட்டத்தில் உங்களுக்கும் ஒரு பாட்டில் பிடித்து வாங்கிக்கொள்ளுங்கள். தேதி போட்டு, மூடியின் மேல் டேப் ஒட்டி, இரண்டு தரப்பும் அதன்மேல் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.